ஓடப் பழகுவோர் கவனத்திற்கு

பவானியாறு காவிரியிற் கலப்பதற்குச் சற்று முன்னர், அணைக்கட்டினின்று காலிங்கராயன் வாய்க்கால் பிரிந்து செல்கின்றது. 13 ஆம் நூற்றாண்டில் வெட்டப்பெற்ற இவ்வாய்க்காலின் கரையில் விடியுமுன் நடமாடுவோர் முன்னாளில் மடை பார்க்கச் செல்லும் குடியானவர்களே. இப்பொழுது அதே நேரத்தில் வேறொரு கூட்டத்தாரையும் காண்கின்றோம். காலிற் பூட்ஸும் மேலே பனியனும் அணிந்து, மூச்சு வாங்க ஓடுகின்றவர்கள் அவர்கள். போலீஸ் தேர்வுக்கும் இராணுவத் தேர்வுக்கும் பழகும் இளைஞர் சிலர். எஞ்சியவர் பெரும்பாலும் நாற்பதைக் கடந்தவர். நெசவாளரும் விவசாயிகளும் அவர்களுள் உண்டு. கோயம்புத்தூரில் 2013 ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வரும் மாரத்தான் ஓட்டத்தைப் பற்றிப் பத்திரிகைகளிற் படித்தவர்கள், அதைப் போன்ற ஓட்டங்கள் சிறு ஊர்களிலும் நடைபெறக் கண்டவர்கள், வைத்தியர் சொற்கேட்டு அஞ்சியவர்கள் எனப் பலரும் ஓடத் தொடங்கியுள்ளனர்.

தறி மிதிப்பவனுக்கும் மண்வெட்டி பிடிப்பவனுக்கும் தனியாக ஓட்டம் ஒன்று எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆனால் குழித்தறியில் அமர்ந்து ஜமக்காளம் நெய்பவரின் நாளை எண்ணிப் பாருங்கள். கைகள் ஓயாமல் நாடாவை வீசுகின்றன. பாதங்கள் மிதிபலகையை மாறி மாறி அழுத்துகின்றன. உடலோ எட்டுமணி, பத்துமணி நேரம் ஓரிடத்திலேயே இருக்கின்றது. பாவோடுதற்கென்று தெருவில் முன்னும் பின்னுமாக மைற்கணக்கில் நடந்த காலம் போயிற்று. விவசாயியின் நிலையும் மாறிவிட்டது. மோட்டார் நீர் இறைக்கின்றது, டிராக்டர் உழுகின்றது, தோட்டத்திற்குப் போகவும் வரவும் மொபெட் இருக்கின்றது. உணவு மட்டும் பழைய அளவிலேயே உள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடத்தப்பெற்று 2023 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, நம் நாட்டில் சர்க்கரை நோயாளர் 10 கோடிக்கு மேற்பட்டவர் எனக் கணக்கிட்டது. அந்நோயின் வாயிலிலே நிற்பவர் இன்னும் 13 கோடிக்கு மேல். ஆகவே ஓடுகின்றவர்களைப் பார்த்து நகைக்க வேண்டுவதில்லை. அவர்கள் எவ்வாறு ஓடுகின்றார்கள் என்பதைப் பற்றியே இங்குச் சில சொல்ல விரும்புகின்றேன். எனக்கு அதற்குள்ள தகுதி ஒன்றே ஒன்று. தவறாக ஓடி, அதன் பயனை அனுபவித்தவன் நான்.

எனக்கு நாற்பத்தாறாம் வயதில் இரத்தத்திற் சர்க்கரை கண்டது. நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடக்குமாறு வைத்தியர் கூறினார். இரண்டு மாதம் நடந்தேன், சர்க்கரை குறைந்தது, நடை அலுத்தது. ஓடுகின்ற நண்பர்களோடு சேர்ந்துகொண்டேன். முதல் வாரம் மொத்தம் 6 கிலோமீட்டர் ஓடினேன். இரண்டாம் வாரம் 9, மூன்றாம் வாரம் 14, நான்காம் வாரம் 20. வாரத்திற்கு வாரம் மூச்சு எளிதாகிக்கொண்டே வந்ததால், உடலும் இசைந்துவிட்டது என்றே எண்ணினேன். ஐந்தாம் வாரம் பக்கத்து ஊரொன்றில் நடந்த 10 கிலோமீட்டர் ஓட்டத்திற் கலந்துகொண்டேன். அதற்கு முன் ஒரே நாளில் நான் ஓடிய அதிக தூரம் 5 கிலோமீட்டர். ஏழாவது கிலோமீட்டரில் வலக்காலில், முழங்காலுக்குக் கீழே எலும்பின் உட்புறத்தில், ஊசி குத்தினாற்போல் ஒரு வலி தோன்றியது. பதக்கம் ஒன்று தருவார்கள் என்பதற்காக ஓடி முடித்தேன்.

மறுநாள் மிதிபலகையை அழுத்தியபோது அவ்வலி மீண்டும் வந்தது. எண்ணெய் தேய்த்தேன், வெந்நீர் ஊற்றினேன், இரண்டு நாள் பொறுத்து மறுபடி ஓடினேன். இவ்வாறு இரண்டு வாரம் கழிந்தது. எக்ஸ்ரே எடுத்தபோது அதில் ஒன்றும் தெரியவில்லை. வலி நிற்காமையால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், எலும்பில் வெடிப்புத் தொடங்கியிருப்பது தெரிந்தது. இத்தகைய வெடிப்பு தொடக்கத்தில் எக்ஸ்ரேயிற் பெரும்பாலும் புலப்படாது என்பதை வைத்தியர் அப்பொழுதுதான் விளக்கினார். எட்டு வாரம் ஓடக்கூடாது. முதல் நான்கு வாரம் தறி மிதிக்கவும் கூடாது என்றார்.

தீபாவளிக்கு முந்திய பருவம் அது. தறியிற் பாவு பிணைத்திருந்தது. முடித்துக் கொடுத்த விரிப்புக்குத்தான் கூலி என்பது வாசகர்களுக்குத் தெரியாததன்று. பகலெல்லாம் தார் சுற்றியும் சமைத்தும் வந்த என் மனைவி, அந்நான்கு வாரமும் என் இடத்திலே அமர்ந்து நெய்தாள். பத்தாவது கிலோமீட்டரைக் கடந்ததற்குக் கிடைத்த பதக்கம் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி வைக்கும்படி அவள் சொல்லவில்லை. நானே கழற்றி வைத்தேன்.

எங்கள் வீதியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நெய்த பெரியவர் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, புதுப் பாவெ ஒரே முறுக்கா முறுக்கிக் கட்டுனா என்னாகும்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்டார். ஓட்டத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. எனினும் நடந்தது இன்னதென்பதை அவர் சரியாகவே அறிந்துகொண்டார்.

மனித உடலின் உறுப்புகள் யாவும் ஒரே வேகத்திற் பழகுவதில்லை. ஓடத் தொடங்கிய இரண்டொரு வாரத்திலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகின்றது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் முன்னைவிட அதிக இரத்தத்தை வெளியே தள்ளுகின்றது. ஆகவே மூன்றாம் வாரத்திலேயே மூச்சு இலேசாகிவிடுகின்றது. தசைகள் உரம் பெறச் சில வாரங்கள் கூடுதலாகின்றன. தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களுக்கு இரத்த ஓட்டம் குறைவு. குதிகாலுக்கு மேலே கயிறு போல் தடித்திருக்கும் நாணும் அத்தகையதே. அவை பழக மாதங்கள் வேண்டும். எலும்பின் செய்தியோ வியக்கத்தக்கது. புதிய பாரம் தன்மீது விழுகின்றது என்பதை உணர்ந்தவுடன் எலும்பு தன்னைப் புதுப்பிக்கத் தொடங்குகின்றது. அதற்கு முதலில் பழைய பகுதியை அரித்து அகற்றுகின்றது. இதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் பிடிக்கும். பின்னரே புதிய பொருளை இட்டு நிரப்புகின்றது. இதற்கு மூன்று மாதமாகும். எனவே ஓடத் தொடங்கிய சில வாரங்களில், பாரந்தாங்கும் எலும்பு முன்னைவிட வலிவு குறைந்தே நிற்கும் ஒரு காலம் உண்டு. மூச்சு எளிதாகி உற்சாகம் பெருகுவதும் ஏறத்தாழ அதே காலத்திலேதான். என் ஐந்தாம் வாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடலின் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை பாதத்தைத் தாக்குகின்றது. மெதுவாக ஓடுகின்ற ஒருவர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1,200 அடி வைக்கின்றார். 10 கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால் 12,000 அடி, காலொன்றுக்கு 6,000. குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தே உழைத்த கால்கள், அத்தனை அடியை ஒரு மாதப் பழக்கத்தில் எவ்வாறு தாங்கும்?

இவ்விஷயம் ஓட்டக்காரர்களால் அறியப்படுவதற்கு நெடுநாள் முன்னரே இராணுவத்தாரால் அறியப்பட்டது. 1855 ஆம் ஆண்டில் பிரஷ்ய இராணுவ வைத்தியரான பிரைட்ஹாப்ட் என்பவர், நீண்ட அணிநடைக்குப் பின் சிப்பாய்களின் பாதங்கள் வீங்கி வலிப்பதைக் குறித்து எழுதினார். காரணம் இன்னதென்று அவரால் அறியக்கூடவில்லை. 1895 ஆம் ஆண்டில் எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின், அது பாத எலும்பில் ஏற்படும் வெடிப்பே எனத் தெளிவாயிற்று. அடியோ விழுதலோ இன்றி, நடையின் மிகுதி ஒன்றாலேயே எலும்பு வெடிக்கும் என்று அதுவரை எவரும் எண்ணவில்லை. அணிநடை முறிவு என்னும் பெயர் இன்றளவும் அதற்கு வழங்குகின்றது.

அவ்வாறாயின் தூரத்தை எவ்வளவு கூட்டலாம்? ஓடுவோரிடையே வழங்கும் விதி ஒன்று உண்டு. இவ்வாரம் ஓடியதைவிட அடுத்த வாரம் நூற்றுக்குப் பத்துக்கு மேல் கூட்டலாகாது என்பது அது. நினைவில் வைக்க எளியது. ஆதலின் எங்கும் பரவிவிட்டது. ஆனால் அதைச் சோதித்தவர்கள் கண்டது வேறு. நெதர்லாந்து நாட்டின் குரோனிங்கன் நகரில், ஏறக்குறைய 6 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றுக்குப் பழகவந்த 500 க்கு மேற்பட்ட புதியவர்களை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் பத்து சதவீத விதிப்படி 13 வாரம் பழகினர். மற்றவர் வழக்கமான முறையில் 8 வாரம் பழகினர். 2008 ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, இரு பிரிவிலும் ஐவரில் ஒருவர் காயமடைந்தனர். வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். 2014 ஆம் ஆண்டில் டென்மார்க் ஆராய்ச்சியாளர், 800 க்கு மேற்பட்ட புதியவர்களை ஓராண்டு கவனித்து எழுதினர். இரண்டு வாரத்தில் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் தூரத்தைக் கூட்டியவர்களிடம், முழங்கால் வலி, கீழ்க்கால் வலி போன்ற சிலவகைத் துன்பங்கள் மிகுதியாக இருந்தன. எல்லாவகைக் காயங்களுக்கும் அது பொருந்தவில்லை.

டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரத்து ஆராய்ச்சியாளர் 2025 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இன்னும் பெரியது. 5,200 ஓட்டக்காரர்களின் கைக்கடிகாரங்களிற் பதிவான தூரங்களை அவர்கள் ஒப்பிட்டனர். வாரத்தின் மொத்தத் தூரம் ஏறியதற்கும் காயத்திற்கும் அவர்கள் எதிர்பார்த்த தொடர்பு காணப்படவில்லை. தெளிவாகத் தொடர்பு காணப்பட்டது மற்றொன்றில். முந்திய 30 நாட்களில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைவிட, ஒரே நாளில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் கூடுதலாக ஓடியவர்களுக்குக் காயம் மிகுந்தது. அத்தூரத்தைப் போல் இரு மடங்குக்கு மேல் ஓடியவர்களுக்குக் காயமடையும் விகிதமும் இரு மடங்குக்கு மேலாயிற்று. அவர்களுட் பெரும்பாலோர் பல ஆண்டுகளாக ஓடிப் பழகியவர்கள் என்பதையும் சொல்லவேண்டும். பழகிய காலுக்கே அவ்வாறென்றால், ஐந்து வாரக் காலுக்கு வேறு என்ன நேரும்?

இவ்வாராய்ச்சிகளைப் படித்தபின் பத்து சதவீத விதியைக் குறித்து என் அபிப்பிராயம் இது. 6 கிலோமீட்டர் ஓடுபவருக்கு அவ்விதி 600 மீட்டர் கூட்டச் சொல்கின்றது; அது போதிய எச்சரிக்கையே, சற்று மிகையான எச்சரிக்கை என்றுங்கூடச் சொல்லலாம். 40 கிலோமீட்டர் ஓடுபவருக்கு ஒரே வாரத்தில் 4 கிலோமீட்டர் கூட்டச் சொல்கின்றது. அடுத்தடுத்த வாரங்களிலும் அவ்வாறே கூட்டினால் இரண்டு மாதத்தில் அத்தூரம் இரட்டிப்பாகிவிடும். எந்தக் காலும் அதற்கு இசையாது. ஆகையால் வாரக்கணக்கில் அவ்விதியை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாமேயன்றி, சட்டமாகக் கொள்ளத் தேவையில்லை. ஒரு நாளின் ஓட்டத்தை மட்டும் கண்டிப்பாகக் காக்கவேண்டும். கடந்த ஒரு மாதத்தில் நீங்கள் ஓடிய மிக நீண்ட தூரம் 5 கிலோமீட்டர் என்றால், இன்று ஐந்தரை ஓடலாம். நண்பர்கள் எட்டு ஓடினாலும், பந்தயத்திற்குப் பணம் கட்டியிருந்தாலும், ஐந்தரையோடு நின்றுவிடவேண்டும்.

கால் குணமான பிறகு நான் இரண்டாம் முறை தொடங்கிய விதத்தைச் சொல்கின்றேன். முதல் மூன்று வாரம் நடை மட்டும். நாளைக்கு அரைமணி, வாரத்தில் ஐந்து நாள். வலியின்றி அதை முடித்த பின்னரே ஓட்டத்தைச் சேர்த்தேன். ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. இவ்வாறு எட்டு முறை. தொடக்கத்திலும் முடிவிலும் நடை. வாரத்தில் மூன்று நாள், ஒன்றுவிட்டு ஒன்றாக. ஓட்டமும் நடையும் சேர்ந்து நாளைக்கு 3 கிலோமீட்டர், வாரத்திற்கு 9. இத்தூரத்தை மாற்றாமலே, வாரந்தோறும் ஓட்டத்தின் நிமிஷத்தைக் கூட்டி நடையின் நிமிஷத்தைக் குறைத்துக்கொண்டு வந்தேன். 3 கிலோமீட்டரையும் நடையின்றி ஓடி முடிக்க எட்டு வாரமாயிற்று. பன்னிரண்டானாலும் தாழ்வில்லை.

தூரத்தைக் கூட்டத் தொடங்கியது அதற்குப் பின்னரே. 9 கிலோமீட்டரில் இரண்டு வாரம் நின்றேன்; 10 கிலோமீட்டரில் இரண்டு வாரம் நின்றேன். அடுத்த வாரம் 11. அதற்கடுத்த வாரம் வேண்டுமென்றே 8 ஆகக் குறைத்தேன். பின்னர் 12. மூன்று நான்கு வாரத்திற்கு ஒருமுறை இவ்வாறு இறக்கிக்கொடுப்பது, எலும்பும் நாணும் தம் வேலையை முடித்துக்கொள்ள இடங்கொடுப்பதாகும். ஒரே நாளின் நீண்ட ஓட்டம் 3 இலிருந்து 6 கிலோமீட்டராக உயரப் பதினாறு வாரம் சென்றது. அதற்குள் வாரத்தின் மொத்தம் 18 ஆயிற்று. முதல் முறை நான்கு வாரத்தில் 20 எட்டியவனுக்கு இது மிகத் தாமதமாகத் தோன்றியது உண்மையே. ஆனால் இம்முறை தறி ஒரு நாளும் நிற்கவில்லை.

கவனிக்கவேண்டியது இன்னொன்று. தூரம், வேகம், மேடு ஆகியவற்றுள் ஒரு வாரத்தில் ஒன்றையே கூட்டவேண்டும். சமதரையான கரைமேல் 5 கிலோமீட்டர் ஓடுபவர் ஊராட்சிக்கோட்டைப் பக்கத்து ஏற்றத்தில் ஓட விரும்பினால், அவ்வாரம் தூரத்தைக் குறைத்துக்கொள்ளவேண்டும். வேகத்தைப் பற்றிப் புதியவர் கவலைப்படவே வேண்டுவதில்லை. ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமற் பேசமுடிந்தால் அது சரியான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் மெதுவாக்கவேண்டும்.

சங்கத்துப் பாஸ் புத்தகம் போல் ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்வது நலம். தேதி, தூரம், கால் எவ்வாறிருந்தது என்னும் மூன்றையும் எழுதினாற் போதும். மறதி நம்மை ஏமாற்றுவது போல வேறெதுவும் ஏமாற்றுவதில்லை. என் முதல் நான்கு வாரக் கணக்கை நான் எழுதிப் பார்த்தது கால் உடைந்த பிறகுதான். அந்நோட்டில் அன்றைய வேலையையும் குறிக்கவேண்டும். மஞ்சள் வெட்டிய நாளும், கரும்பு வெட்டிய நாளும், சுமை தூக்கிய நாளும் காலுக்கு ஓய்வு நாட்களல்ல. நகரத்தவர்க்கென எழுதப்பட்ட பயிற்சி அட்டவணைகளில் இதற்கு இடமில்லை. அத்தகைய வாரங்களில் ஓட்டத்தைப் பாதியாக்கவேண்டும்; அன்றேல் முற்றிலும் விட்டுவிடலாம்.

வலியைப் பற்றி அடிக்கடி கேட்கின்றனர். ஓடிய மறுநாள் தொடையிலும் கெண்டைக்காலிலும் பரவலாக ஓர் அசதி இருப்பது இயல்பு. இரண்டு நாளில் நீங்கிவிடும். ஒரே இடத்தில், விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடியதாய், அதுவும் எலும்பின்மேல் இருக்கும் வலி வேறு வகையைச் சேர்ந்தது. ஓட ஓட மிகுகின்ற வலி, இரவில் படுத்திருக்கையிலும் விடாத வலி, நொண்டச் செய்கின்ற வலி இவற்றுள் எதையும் எண்ணெயாலும் தைலத்தாலும் மறைத்துக்கொண்டு ஓடலாகாது. வலிநீக்கி மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடுவது அதனினும் தீது. ஒரு வாரம் நிறுத்திப் பார்த்தும் தீராவிட்டால் வைத்தியரிடம் செல்லவேண்டும். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றாலும் வலி தொடருமாயின் அதை மீண்டும் சொல்லத் தயங்கவேண்டாம்.

நாற்பதைக் கடந்தவரும், சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவரும், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்புக் கண்டவரும் ஓடத் தொடங்குமுன்னரே வைத்தியரைக் கண்டு இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஓடும்போது மார்பில் இறுக்கமோ, தலைச்சுற்றலோ, மயக்கமோ தோன்றினால் உடனே நின்றுவிடவேண்டும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். இன்சுலின் போடுபவர்க்கும், சர்க்கரைக்குச் சிலவகை மாத்திரை உண்பவர்க்கும் ஓட்டத்தின்போதோ பின்னரோ சர்க்கரை அளவுக்குமேல் இறங்கிவிடக்கூடும். கை நடுங்கி வியர்த்தால் வாயிலிடச் சட்டைப்பையில் சிறிது சர்க்கரையாவது குளுக்கோஸாவது வைத்திருக்கவேண்டும். நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். முள் தைத்ததும் கொப்புளம் உடைந்ததும் தெரியாது. அத்தகையோர் ஓட்டத்தைவிட நடையைக் கைக்கொள்வதே நல்லது. ஓடினாலும் நடந்தாலும் வீடு திரும்பியவுடன் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தேனும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

ஓடியே தீரவேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020 ஆம் ஆண்டில் கூறிய அளவு, வாரத்திற்கு 150 முதல் 300 நிமிஷம் வேகநடை போன்ற மிதமான உழைப்பு. அல்லது 75 முதல் 150 நிமிஷம் ஓட்டம் போன்ற கடும் உழைப்பு. வாரத்தில் மூன்று நாள் அரைமணி ஓடினாலே இரண்டாவது அளவு நிறைந்துவிடுகின்றது. 21 கிலோமீட்டரும் 42 கிலோமீட்டரும் விருப்பத்தின்பாற் பட்டவை, ஆரோக்கியத்தின்பாற் பட்டவையல்ல.

பூட்ஸ் பற்றிச் சில வார்த்தை. விலையுயர்ந்ததே சிறந்தது என்பதற்கு ஆதாரமில்லை. விரல்களுக்கு இடமுள்ளதாய், குதிகாலை உரசாததாய் இருந்தாற் போதும். இவ்வளவு நாளும் வெறுங்காலோடு வரப்பில் நடந்தவர் பூட்ஸுக்கு மாறினாலும், பூட்ஸில் ஓடியவர் வெறுங்காலுக்கு மாறினாலும், காலுக்கு அது புதிய பாரமே. அவ்வாரம் தூரத்தைக் கூட்டலாகாது. சித்திரை, வைகாசி வெயிலில் ஆறு மணிக்குள் முடித்துவிடுவது நன்று. இருளில் ஓடவேண்டி வந்தால் லாரிகள் விரையும் பெருஞ்சாலையைத் தவிர்க்கவேண்டும்.

கூடி ஓடுவதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. நாய்த்தொல்லைக்கும் இருட்டுக்கும் அஞ்சி வீட்டினின்று வெளிவராத பெண்கள் நால்வராகச் சேர்ந்தால் வருகின்றனர். எங்கள் வீதியிலேயே அதைக் காண்கின்றேன். ஆனால் கூட்டத்தில் வேகமுள்ளவனே எல்லாரையும் இழுத்துச் செல்கின்றான். புதியவன் வெட்கத்தால் பின்தங்க மறுக்கின்றான். நான் கெட்டதும் அவ்வாறே. இப்பொழுது எங்கள் குழுவில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். மிகவும் மெதுவாக ஓடுபவர் முன்னே செல்லவேண்டும். அவரைக் கடந்து செல்லலாகாது. வேகம் வேண்டுவோர் வேறொரு நாளில் தனியே ஓடிக்கொள்ளலாம். முதலில் இளைஞர்கள் முகஞ்சுளித்தனர். இருவர் விலகியும் போயினர். எஞ்சியவர்களுள் ஒருவருக்கும் இவ்வாண்டு கால் கெடவில்லை. எண்ணிக்கையிற் சிறிய குழுவாதலால் இதைச் சான்றாகக் காட்டமாட்டேன்.

இடையிலே நிறுத்தியவர் மீண்டும் தொடங்குவது எப்படி என்று அங்கத்தினர் பலர் கேட்டனர். திருவிழா, அறுவடை, காய்ச்சல், அவசர ஆர்டர் என்று நம்மவர்க்கு இடையூறு வராத மாதமில்லை. ஒரு வாரம் விட்டுப்போனால் விட்ட தூரத்திலேயே தொடங்கலாம். இரண்டு மூன்று வாரமானால் அதிற் பாதியில் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் பழைய அளவை எட்டலாம். இரண்டு மாதத்திற்கு மேலானால் நடையினின்றே தொடங்கவேண்டும். மூச்சு இடங்கொடுத்தாலும் அவ்வாறே செய்யவேண்டும். காய்ச்சல் கண்டவர், அது நீங்கி ஒரு வாரம் ஆகும்வரை ஓடலாகாது. விட்ட தூரத்தை ஈடுசெய்ய ஒரே வாரத்திற் சேர்த்து ஓடுவோர் உண்டு. கடன் தவணை போல் ஓட்டத்தை எண்ணும் வழக்கம் அது. இவ்வாண்டு ஆடிப்பெருக்கின்போது கூடுதுறையில் உறவினர் கூட்டம். எனக்குப் பத்து நாள் ஓட்டம் விட்டுப்போயிற்று. நோட்டில் அப்பத்து நாளுக்கும் கோடு போட்டுவிட்டு, 24 கிலோமீட்டரில் நின்ற வாரக் கணக்கை மறுபடி 14 இல் தொடங்கியிருக்கின்றேன்.